எலினோர் ஃபோர்டெஸ்க்யூ-பிரிக்டேலின் ஓவியங்களை வாசிக்கும் முறை

எலினோர் ஃபோர்டெஸ்க்யூ-பிரிக்டேல் என்ற ஆங்கிலேய ஓவியரின் படத்தை முதன்முதலாகக் காண்பவர், அதன் நிறங்களில் சொக்கி நின்றுவிட்டு, அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவது வழக்கம். நானும் நெடுங்காலம் அப்படித்தான் பார்த்துவந்தேன். ஆனால் அவர் தீட்டியவற்றுள் பெரும்பாலானவை ஒரு செய்யுளையோ நாடக வரியையோ கதைப்பாடலையோ படித்துவிட்டு அதற்குத் தூரிகையால் எழுதிய உரைகள். மூலத்தைப் படிக்காமல் உரையை மட்டும் புரட்டினால் என்ன கிடைக்குமோ, அதுதான் அவசரப் பார்வைக்கும் கிடைக்கும்.

முதலில் காலத்தைச் சரியாக மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பிரீ-ராஃபேலைட் சகோதரத்துவம் என்ற ஓவியர் குழுவை ஏழு இளைஞர்கள் லண்டனில் தொடங்கியது 1848-இல். ஐந்தாறு ஆண்டுகளிலேயே அது கலைந்துபோனது. பிரிக்டேல் பிறந்தது 1872-இல். ஆகவே அந்தக் குழுவின் ரோசெட்டியும் மில்லேயும் அவருக்குத் தோழர்கள் அல்லர், பாட்டன் தலைமுறையினர். அந்தப் பாணியின் கூர்மையான நுணுக்கத்தையும் ஒளிரும் நிறத்தையும் அவர் எடுத்துக்கொண்டது உண்மைதான் என்றாலும், அதனாலேயே அவரைக் காலம் தப்பிப் பிறந்த நகலாளர் என்று தள்ளிவிடுவது சோம்பேறித்தனமான தீர்ப்பு. கிரிஸ்டல் பேலஸ் கலைப்பள்ளியிலும் பின்னர் ராயல் அகாடமியின் பள்ளியிலும் பயின்ற அவர், 1901-இல் லண்டனின் டௌடஸ்வெல் காட்சிக்கூடத்தில் 45 நீர்வண்ணப் படங்களைத் தனியொருவராகக் காட்சிக்கு வைத்தார். 1902-இல் எண்ணெய் வண்ண ஓவியர் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரானார். அவருக்கு நெருங்கிய நண்பராகவும் வழிகாட்டியாகவும் இருந்த ஓவியர் ஜான் பயம் ஷாவும் அதே 1872-இல் பிறந்தவர். ஷா பிறந்த ஊர் சென்னை என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாத செய்தி.

அடுத்து, படத்தைப் பார்ப்பதற்கு முன் தலைப்பைப் பாருங்கள். 1899-இல் அவர் ராயல் அகாடமியில் காட்டிய முதல் பெரிய எண்ணெய் ஓவியத்தின் பெயரைத் தமிழில் ‘உண்மைக் காதலின் வெளிறிய முகம்’ என்று சொல்லலாம். இது ஷேக்ஸ்பியரின் ‘அஸ் யூ லைக் இட்’ நாடகத்தில் ஒரு முதிய இடையன் பேசும் வரியிலிருந்து எடுத்த பாதித் தொடர். வெளிறிய காதலுக்கு எதிரே ஏளனத்தின் சிவந்த தணலையும் செருக்கையும் வைத்துப் பேசுகிறது மறுபாதி. தலைப்பில் அது இல்லை. நாடகத்தைத் திறந்து அந்த வரியை முழுதாகப் படித்துவிட்டுப் படத்துக்குத் திரும்பி வந்து, விடுபட்ட சிவப்பை நீங்களே தேடுங்கள். யார் வெளிறியிருக்கிறார், யார் சிவந்திருக்கிறார் என்ற கேள்வி எழுந்தவுடன், உடைகளின் நிறம் வெறும் அலங்காரமாக இராது.

மூன்றாவதாக, கதையின் எந்தக் கணத்தை அவர் தேர்ந்தெடுத்தார் என்று கேட்க வேண்டும். இதற்கு லிவர்பூல் நகரின் வாக்கர் கலைக்கூடத்தில் உள்ள, 1905-ஆம் ஆண்டின் ‘சின்னப் பணியாள்’ என்ற ஓவியத்தைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. ‘பர்ட் ஹெலன்’ என்ற பழைய கதைப்பாடல் அதன் மூலம். கருவுற்றிருக்கும் ஹெலன், தன்னைக் கைவிட்டுப் புறப்படும் காதலனை விடாமல், பணியாள் சிறுவனைப்போல் வேடம் பூண்டு அவன் குதிரையின் அருகிலேயே ஓடுகிறாள். ஆற்றை நீந்திக் கடக்கிறாள். கடைசியில் குதிரை லாயத்தில் குழந்தையைப் பெற்றெடுக்கிறாள். இதே கதையை 1856-இல் விண்டஸ் என்ற ஓவியரும் வரைந்தார். அந்தப் படமும் அதே கலைக்கூடத்தில்தான் இருக்கிறது. குதிரைமேல் அமர்ந்திருக்கும் காதலனையும், ஓடிக் களைத்து ஆற்றங்கரையில் நிற்கும் ஹெலனையும் விண்டஸ் காட்டினார். பிரிக்டேலின் படத்திலோ ஆணுமில்லை, குதிரையுமில்லை, ஆறுமில்லை. காட்டில் தனித்து நிற்கும் பெண் தன் நீண்ட கூந்தலை அறுத்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். பாட்டில் ஓரிரு வரியில் கடந்துபோகும் செயல் அது. அதுவும் காதலன் விதிக்கும் நிபந்தனை. துன்பம் தொடங்குவதற்கு முன்பு, அவள் தானே முடிவெடுக்கும் அந்த ஒரு நிமிடத்தைப் பிரிக்டேல் பிடித்து நிறுத்தினார். இரண்டு படங்களையும் திரையில் அருகருகே வைத்து, பாட்டையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பாருங்கள். பாட்டன் தலைமுறைக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு புலப்படும்.

நூல்களுக்காக அவர் வரைந்த படங்களைப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. நம் கைக்கு வருவது ஓவியமன்று, அதன் அச்சு. 1857-இல் வெளிவந்த, ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் கவிதைப் பதிப்பில் ரோசெட்டி முதலானோரின் படங்களை, டால்ஸியேல் சகோதரர்கள் போன்ற செதுக்குநர்கள் மரக்கட்டையில் கோடு கோடாகச் செதுக்கினார்கள். ஓவியர் கையும் செதுக்குநர் கையும் கலந்த கறுப்பு வெள்ளைக் கோடுகள் அவை. பிரிக்டேலின் காலத்தில், மூலத்தை வண்ண வடிகட்டிகள் வழியே தனித்தனியாகப் படமெடுத்து, மஞ்சள், சிவப்பு, நீல மைகளில் புள்ளி புள்ளியாக ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் முறை வந்துவிட்டது. அந்தப் புள்ளிகள் வழவழப்பான ஆர்ட் பேப்பரில்தான் தெளிவாக விழும் என்பதால், வண்ணப் படங்களைத் தனித்தாளில் அச்சிட்டு இடையிடையே சேர்த்தார்கள். பழைய பிரதி கிடைத்தால் ஒரு லென்ஸை வைத்துப் பாருங்கள்: கன்னத்தின் மென்மை என்று தோன்றியது புள்ளிகளின் கூட்டமாகச் சிதறும். நுணுக்கத்தின் தரத்தை அச்சை வைத்து எடை போடாதீர்கள். டென்னிசனின் ‘அரசரின் கதைப்பாக்கள்’ என்ற ஆர்தர் மன்னன் காவியத்துக்காக, லெஸ்டர் காட்சிக்கூடம் 1909-இல் கேட்டுக்கொண்டபடி அவர் 28 நீர்வண்ணங்களைத் தீட்டினார். நூலில் இடம்பெற்றவை 24 மட்டுமே. ஆகையால், நூலை மட்டும் பார்த்துவிட்டு அந்த வரிசை முழுவதைப் பற்றியும் கருத்துச் சொல்வது சரியாகாது.

பிற்காலத்தில் அவர் பயம் ஷாவின் கலைப்பள்ளியில் கற்பித்ததையும், முதல் உலகப்போருக்குப் பின் நினைவுச் சின்னங்களாக வண்ணக் கண்ணாடிச் சாளரங்களை வடிவமைத்ததையும் குறித்துக்கொண்டால் போதும். 1938-இல் பக்கவாதம் தாக்கியபின் தூரிகை ஓய்ந்தது, 1945-இல் காலமானார்.

இத்தனையும் பழகிவிட்டீர்களா என்று சோதிக்க, 1920-ஆம் ஆண்டின் ‘முன்னோடி’ என்ற ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மிலான் அரசவையில் லியோனார்டோ டா வின்சி தம் பறக்கும் பொறியின் மாதிரியைக் காட்டுகிறார். தலைப்பைப் பாருங்கள், கணத்தைப் பாருங்கள், பிறகு சுற்றி நிற்போரின் முகங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதற்கும் பின்பு, இந்தப் படத்தின் முன் முதன்முதலாக நின்ற லண்டன்வாசிகள் தங்கள் வீட்டுக் கூரைக்கு மேலே குண்டு வீசிய விமானங்களைக் கண்டு சில ஆண்டுகளே ஆகியிருந்தன என்பதை நினைத்துக்கொண்டு, அந்த முகங்களுக்கு மறுபடி திரும்புங்கள்.