ஸ்டீராய்டு தொடங்கும் முன் வயிற்றுப் புழுவைத் தேடுங்கள்

சிறுநீரக மாற்று, ரத்தப் புற்றுநோய், லூபஸ், கடும் ஆஸ்துமா, தொழுநோய் எதிர்வினை என எதற்காகவாவது வாரக்கணக்கில் பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தை எழுதிக் கொடுத்தால், முதல் மாத்திரைக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்: "ஸ்ட்ராங்கிலாய்டிஸ் புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா?" பலரும் கேட்பதில்லை. "பூச்சி மாத்திரை போட்டாச்சே" என்ற நம்பிக்கைதான் காரணம். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் ஒரே வேளையாகக் கொடுக்கும் 400 மி.கி. அல்பெண்டசோல், நாக்குப்பூச்சிக்கும் கொக்கிப்புழுவுக்கும் உரியது. ஸ்ட்ராங்கிலாய்டிஸை அது ஒரு வேளையில் ஒழிக்காது.

இந்தப் புழுவின் வேலையே வேறு. மனித மலம் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து நுழையும் இளம்புழு, ரத்தம் வழியே நுரையீரலுக்குப் போய், சளியோடு தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் தங்குகிறது. பெண்புழு சுமார் 2 மி.மீ. நீளம்தான். மற்ற பெரும்பாலான குடற்புழுக்களின் முட்டை வெளியே மண்ணில் விழுந்தால்தான் அடுத்த சுற்று. இதன் முட்டையோ குடலுக்குள்ளேயே பொரிந்துவிடும். வெளிவரும் இளம்புழுக்களில் சில அங்கேயே முதிர்ந்து, குடற்சுவரையோ ஆசனவாயைச் சுற்றிய தோலையோ துளைத்து மறுபடி உடலுக்குள் ஏறிவிடும். அதனால் ஊரைவிட்டு வந்து பல பத்தாண்டுகள் ஆனவரிடமும் இது இருக்கலாம். இரண்டாம் உலகப் போரில் பர்மா ரயில்பாதையில் வேலை வாங்கப்பட்ட போர்க்கைதிகள் சிலரிடம் 30 ஆண்டுகளுக்குப் பிறகும் இதைக் கண்டார்கள்.

எதிர்ப்புச் சக்தி சரியாக இருக்கும்வரை இந்தச் சுற்று சிறிய அளவில் ஓடும். அந்தச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு வந்ததும் கட்டு அவிழ்கிறது. ஆயிரக்கணக்கான இளம்புழுக்கள் குடலைத் துளைத்து வெளியேறும்போது குடல் பாக்டீரியாக்களையும் கூட்டிக்கொண்டு போகும். ரத்தத்தில் கிருமி, மூளையுறைக் காய்ச்சல், நுரையீரல் ரத்தக்கசிவு எல்லாம் அப்படி வருபவைதான். சிகிச்சை இல்லையென்றால் பெரும்பாலும் உயிர் பிழைப்பதில்லை. மருந்தின் அளவு கூடினால், நாள் நீண்டால் ஆபத்தும் கூடும். ஆனால் ஒரு வாரம் போன்ற குறுகிய சிகிச்சைக்குப் பிறகும் நடந்திருக்கிறது. எச்.டி.எல்.வி.-1 என்ற, ரத்த வெள்ளணுக்களைத் தாக்கும் வைரஸ் உள்ளவர்களுக்கும் ஆபத்து மிக அதிகம்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை: வெறுங்காலோடு வயல்வேலை செய்ததுண்டா, திறந்தவெளியில் மலம் கழிக்கும் ஊரில் வளர்ந்தீர்களா, இடுப்பு, பிட்டம், தொடைப் பக்கம் அரிப்போடு கோடுகோடாகத் தடிப்பு வந்து சில மணி நேரத்தில் இடம் மாறுகிறதா? இந்தக் கோடு மணிக்கு 5 முதல் 10 செ.மீ. நகரும். அவ்வளவு வேகமாக நகர்வது இந்தப் புழுவுக்கே உரிய அடையாளம். ரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் என்ற வெள்ளணு கூடுதலாக இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. கூடவில்லை என்பதால் விட்டுவிடக் கூடாது. ஸ்டீராய்டே அந்த எண்ணிக்கையைக் குறைத்துவிடும்.

மலப் பரிசோதனையில்தான் அதிகம் தவறுகிறார்கள். புழு நாள்தோறும் ஒரே அளவில் வெளிவராது. ஒரு மாதிரியில் காணோம் என்றால் இல்லை என்று பொருளல்ல. குறைந்தது மூன்று வெவ்வேறு நாட்களில் கொடுங்கள். அகன்ற வாயுள்ள உலர்ந்த டப்பாவில், சிறுநீரோ தண்ணீரோ படாமல், நெல்லிக்காய் அளவு போதும். அன்றே, முடிந்தால் ஓரிரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேருங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், இளம்புழு செத்துவிட்டால் வளர்ப்பு முறை பயன்படாது. அகார் என்ற கூழ் பரப்பிய தட்டில் மலத்தை வைத்து ஓரிரு நாள் விட்டால், ஊர்ந்துபோகும் புழு பாக்டீரியாவை இழுத்துச் சென்ற தடம் தெரியும். சாதாரணக் கண்ணாடித்தகட்டுப் பரிசோதனையைவிட இது கூர்மையானது, ஆய்வகத்தில் கேட்டுப் பாருங்கள். மாதிரி பழசானால் கொக்கிப்புழு முட்டையும் பொரிந்து, இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ரத்தத்தில் எலைசா (புழுவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனை) செய்தால் உதவும். ஆனால் எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே குறைந்தவரிடம் 'இல்லை' என்று தவறாகக் காட்டலாம்.

மருந்து ஐவர்மெக்டின். எடை கிலோவுக்கு 200 மைக்ரோகிராம்: 45 கிலோவுக்கு 9 மி.கி., 60 கிலோவுக்கு 12 மி.கி. எதிர்ப்புச் சக்தி குறையப்போகிறவர்களுக்குப் பொதுவாக இரண்டு நாள் அடுத்தடுத்துக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி அதே போல் கொடுப்பார்கள். ஐவர்மெக்டின் கொடுக்க முடியாதபோது அல்பெண்டசோல் 400 மி.கி. தினம் இரண்டு வேளை ஏழு நாள். பலன் அதைவிடக் குறைவு. கர்ப்பிணிகளும் 15 கிலோவுக்குக் கீழுள்ள குழந்தைகளும் மருத்துவர் சொல்லாமல் ஐவர்மெக்டின் எடுக்கக் கூடாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர் அதையும் சொல்லிவிட வேண்டும். மாட்டுக்கான ஐவர்மெக்டினைத் தொடவே வேண்டாம்.

ஸ்டீராய்டை அவசரமாகத் தொடங்க வேண்டியிருந்தால் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆபத்துள்ள பின்னணி இருந்தால் முடிவுக்கு முன்பே ஐவர்மெக்டின் கொடுத்துவிடலாம். முடிவு மருத்துவருடையது.

தொடங்கிய பிறகு கவனிக்க வேண்டியவை: வயிறு உப்பி வலித்தல், வாந்தி, வயிற்றுப்போக்கு, புதிதாக வரும் மூச்சிரைப்பு, ரத்தம் கலந்த சளி, வயிற்றைச் சுற்றி ஊதா நிறத் தடிப்பு, காரணம் தெரியாத காய்ச்சல். இங்கே நடக்கும் பெரிய பிழை ஒன்று: மூச்சிரைப்பை ஆஸ்துமா என்று நினைத்து ஸ்டீராய்டைக் கூட்டுவது. அது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது. அதற்காக நீங்களாக ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தியும் விடாதீர்கள், அட்ரீனல் சுரப்பி சுணங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய், மலத்தோடு சளியையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இந்த நிலையில் ஐவர்மெக்டின் தினமும் கொடுக்கப்படும், மலத்திலும் சளியிலும் புழு மறைந்து இரண்டு வாரம் ஆகும்வரை. பராமரிப்பவர் சளி, மலம் தொடும்போது கையுறை போட வேண்டும், அந்த இளம்புழுக்களுக்குத் தோலைத் துளைக்கும் ஆற்றல் உண்டு.

உறுப்பு தானம் செய்பவரையும் சோதிக்கச் சொல்லுங்கள். கொடுத்த சிறுநீரகத்தோடு புழுவும் வந்து சேர்ந்த நோயாளிகள் இருக்கிறார்கள்.