பழைய இரும்புக் கிடங்கில் கதிரியக்க மாசு: இடத்தைத் துப்புரவாக்கும் முறை

சேலத்தில் பழைய இரும்பு வாங்கி விற்கும் கிடங்கு ஒன்றுக்கு ஈய உறையிட்ட கனமான உருளையோ, கதிரியக்கத்தை எச்சரிக்கும் மூவிதழ்க் குறி தேய்ந்துபோன பெட்டியோ வந்து, அதை யாரேனும் உடைத்தும் விட்டால், உரிமையாளருக்கு முதலில் தோன்றுவது குழாயைத் திறந்து தரையைக் கழுவிவிடலாம் என்பதுதான். அதை மட்டும் செய்யக் கூடாது. தண்ணீர் பட்டுக் கதிரியக்கம் அழிவதில்லை. மாசு இடம் மாறுகிறது, அவ்வளவே. கிடங்கின் சாக்கடை எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். சேர்வராயன் மலையில் பிறந்து நகருக்குள் ஓடிவரும் திருமணிமுத்தாற்றில் அது கலக்குமானால், ஒரு முற்றத்துக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை ஆற்றங்கரை நெடுகிலும் நீண்டுவிடும்.

பிரேசிலின் கொய்யானியா நகரில் 1987-இல், கைவிடப்பட்ட சிகிச்சை நிலையத்தின் கருவியைப் பழைய இரும்புக்காகப் பிரித்தபோது வெளிவந்த சீசியம் உப்பு 93 கிராம்தான். அது கை மாறி வீடு மாறிப் பரவியதில் நால்வர் இறந்தனர். அகற்ற வேண்டியிருந்த கழிவோ ஏறத்தாழ 3,500 கனமீட்டர். நம் நாட்டிலும் 2010-இல், தில்லியின் மாயாபுரியில், ஏலத்தில் விற்கப்பட்ட ஆய்வகக் கருவியிலிருந்த கோபால்ட்-60 ஓர் உயிரைக் குடித்தது.

ஆகவே பொருளைத் தொடாமல் ஆட்களை விலக்குங்கள். ஒரு மீட்டரில் 400 என்று கருவி காட்டும் கதிர்வீச்சு அளவு, மூலம் (கதிர்வீச்சை வெளியிடும் பொருள்) சிறியதாக இருந்தால், இரண்டு மீட்டரில் 100 ஆகவும் நான்கு மீட்டரில் 25 ஆகவும் குறையும். அந்தப் பொருளைத் தொட்டவர்களை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். மேலாடையை உதறாமல், உட்புறம் வெளியே வரும்படி சுருட்டிக் கழற்றச் செய்து, பையில் கட்டித் தனியே வைத்தாலே உடலில் ஒட்டிய மாசில் பெரும்பகுதி நீங்கிவிடும். காவல்துறைக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். இதற்குப் பிந்திய வேலை பயிற்சி பெற்ற குழுவினுடையது. ஆனால் அவர்கள் செய்வது இன்னதென்று உரிமையாளருக்குத் தெரிந்திருந்தால் அவசரப்படுத்த மாட்டார்.

குழு முதலில் மாசு இல்லாத ஓர் இடத்தில் இயற்கைப் பின்னணி அளவை எடுக்கும். இங்கே ஒரு நுட்பம் உண்டு: கருங்கல்லும் செம்மண்ணும் இயல்பாகவே சிறிதளவு கதிர்வீச்சை வெளியிடுவதால், கல் பாவிய முற்றத்தைக் கல் பாவிய இடத்தோடும், மண் தரையை மண் தரையோடும்தான் ஒப்பிட வேண்டும். அடுத்து, மூலத்தை நீண்ட இடுக்கியால் எடுத்து ஈயக் கலத்தில் இடுவார்கள். அது எந்த ஐசோடோப்பு, அதாவது எந்தத் தனிமத்தின் எந்த அணு வகை, என்பதைப் பொறுத்தே மற்ற முடிவுகள் அமையும். இரிடியம்-192-இன் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 74 நாள்தான். காத்திருப்பதே அங்கு ஒரு வழி. கோபால்ட்-60-க்கு அது ஐந்தேகால் ஆண்டு. சீசியம்-137-க்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு என்பதால், காத்திருந்து பயனில்லை.

துப்புரவு உலர்முறையில் தொடங்கும். துடைப்பம் தூசியைக் கிளப்பும் என்பதால் அதற்கு இடமில்லை. நுண்வடிகட்டி பொருத்திய வாக்குவம் கிளீனரும் ஒட்டுநாடாவும் பயன்படும். பின்னர் ஈரத்துணியால், மாசு குறைந்த ஓரத்திலிருந்து மிகுந்த நடுப்பகுதியை நோக்கித் துடைப்பார்கள். துடைத்த முகம் உள்ளே போகும்படி துணியை ஒவ்வொரு முறையும் மடிக்க வேண்டும். சிமெண்ட் தரையில் ஊறிய மாசு இதற்கு அசையாது. மேற்பரப்பைச் செதுக்கி எடுக்க வேண்டும். மண்ணில் சீசியம் களிமண் துகள்களைப் பற்றிக்கொண்டு மேலடுக்கிலேயே நிற்பதால், பல இடங்களில் சில சென்டிமீட்டர் சுரண்டினால் போதும். முற்றத்தையே தோண்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள்; அதை நான் ஏற்பதில்லை. தேவையின்றி அள்ளிய ஒவ்வொரு சட்டி மண்ணும் பெயர்ச்சீட்டு ஒட்டி, லாரியில் ஏற்றி, பல்லாண்டு காக்க வேண்டிய கழிவாகிவிடும்.

மாசு பட்ட இரும்பை உலைக்கு மட்டும் விடக் கூடாது. கோபால்ட் உருகிய எஃகோடு கலந்து கம்பியாகவே வெளிவரும்; சீசியமோ ஆவியாகி உலைப்புழுதியில் படியும்.

இடத்தை விடுவிக்குமுன் தரையைச் சிறு கட்டங்களாக வகுத்து ஒவ்வொன்றையும் அளக்க வேண்டும். கருவியின் முள் பின்னணி அளவுக்கு இறங்கியதாலேயே தரை தூய்மை என்று கொள்ள முடியாது; வடிதாளால் நூறு சதுர சென்டிமீட்டர் பரப்பைத் துடைத்து, அந்தத் தாளையும் தனியே அளந்தால்தான், காலில் ஒட்டிப் போகும் மாசு எஞ்சியிருக்கிறதா என்பது தெரியும். இந்த அளவீடுகளை வாரியம் ஏற்றுக்கொள்ளும் வரை கிடங்கின் பூட்டைத் திறக்க வேண்டாம். அளக்கும் கருவியையும் முதல் நாளிலிருந்தே பாலித்தீன் உறையில் போட்டுப் பயன்படுத்தியிருப்பார்கள். அந்த உறையே கடைசிக் கழிவாகப் பீப்பாய்க்குள் போகும்.