‘கணக்கு நமக்கு வராது’: அறிவு, மனவுறுதி பற்றிய நம்பிக்கையைச் சோதித்துப் பார்ப்பது எப்படி

செட்டியார் (நகரத்தார்) வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு ரத்தத்திலேயே இருக்கும் என்று காரைக்குடிப் பக்கம் சாதாரணமாகச் சொல்வார்கள். அந்த ரத்தத்துக்குப் பின்னால் இருந்த பயிற்சியை யாரும் எண்ணுவதில்லை. சின்ன வயதிலேயே மாகாணி (1/16), அரைக்கால் (1/8) வாய்ப்பாடு. பிறகு பர்மாவிலோ மலாயாவிலோ வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடிப் பையனாக, உட்கார்ந்து கடிதம் நகலெடுப்பது, பேரேடு எழுதுவது. அடுத்தாள் (உதவியாளர்) ஆவதற்கே வருடக்கணக்காகும், கடையை நடத்தும் மேலாள் அதற்கும் பிறகுதான். இத்தனையும் முடிந்தபின் விளைவு மட்டும் கண்ணில் படுகிறது, அதைப் பிறவிக் குணம் என்கிறோம். அதே பேச்சு, செட்டியார் அல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் கடைக்கே அனுப்பப்படாத செட்டியார் வீட்டுப் பெண்ணுக்கும் வேறொரு சேதி சொல்லிவிடுகிறது.

இப்படிப்பட்ட நம்பிக்கைகள் உங்களிடம் எங்கெங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்க ஒரு நாற்பது பக்க நோட்டும் நான்கு வாரமும் போதும்.

முதல் வாரம்: வாயில் வருவதை எழுதுங்கள்

‘அறிவு வளருமா?’ என்று உங்களையே கேட்காதீர்கள். யாரைக் கேட்டாலும் ‘முயற்சி செய்தால் முடியும்’ என்றுதான் சொல்வார்கள். உண்மையான நம்பிக்கை, ஒரு காரியம் தவறிய அடுத்த நிமிடத்தில் வாயிலிருந்து வரும். ‘மண்டையில ஏறாது’, ‘அவளுக்கு மூளை, நமக்கு உழைப்பு’, ‘எனக்கு நாக்கு அடங்காது’, ‘தலையெழுத்து’. சொன்ன வார்த்தையை அப்படியே, நாளும் சந்தர்ப்பமும் சேர்த்து இடது பக்கத்தில் எழுதுங்கள். மற்றவர்களைப் பற்றிச் சொன்னதையும் விடாதீர்கள்.

வார முடிவில் துறைகளைப் பிரியுங்கள்: கணக்கு, இங்கிலீஷ், சமையல், வங்கி ஆப், காலையில் எழுவது, இனிப்பைத் தள்ளிவைப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இது எனக்கு எவ்வளவு வரும் என்பது பிறப்பிலேயே முடிவானது’ என்ற வாக்கியத்துக்கு 1 முதல் 6 வரை மதிப்பெண் போடுங்கள். துளியும் ஒப்பவில்லை என்றால் 1, முழுக்க ஒப்புகிறேன் என்றால் 6. ஐந்து புள்ளி வைத்தால் நடுவில் உள்ள 3-ல் போய் ஒளிந்துகொள்ளலாம். ஆறில் அந்த இடம் இல்லை. சமையலுக்கு 1 போட்ட அதே ஆள் கணக்குக்கு 6 போடுவார். அந்த முரண்பாடுதான் நமக்கு வேண்டியது. 5-ம் 6-ம் விழுந்த துறைகளில் ஒன்றே ஒன்றை எடுங்கள்.

இரண்டாம் வாரம் முதல்: வாக்கியத்தை மாற்றுவது

பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ‘கணக்கு வராது’ என்பதை அடித்துவிட்டு ‘என்னால் முடியும்’ என்று கண்ணாடி முன் நின்று சொன்னால் ஒன்றும் நடக்காது. வராத இடத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்: ‘தள்ளுபடிக் கணக்கில் அசல் விலையால் வகுக்காமல் விற்ற விலையால் வகுக்கிறேன்.’ இப்படி எழுதத் தெரியவில்லை என்றால், தெரிந்த ஒருவரிடம் பத்துக் கணக்கைப் போட்டுக் காட்டி, எந்த வரியில் தப்பு ஆரம்பிக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

பிறகு வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு இருபது நிமிடம். முதல் நாள் போட்ட பத்துக் கணக்குக்கு இணையான வேறு பத்தை வாரக் கடைசியில் போட்டுத் தப்புகளை எண்ணுங்கள். எண்ணிக்கை இறங்காவிட்டால் நேரத்தைக் கூட்டாதீர்கள், வழியை மாற்றுங்கள். தீர்வைப் பார்த்துப் படித்தவர் அதை மூடிவைத்துப் போட்டுப் பார்க்கட்டும். பலிக்காத வழியிலேயே ‘படி, படி’ என்று விரட்டினால், மூன்று வாரம் கழித்து ‘பார்த்தாயா, எனக்கு வராது’ என்பதற்குச் சாட்சிதான் கிடைக்கும்.

பிள்ளைகளிடம் பேசும்போது இன்னும் கவனம் வேண்டும். 1998-ல் உளவியலாளர்கள் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரும் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், கெட்டிக்காரன் என்று புகழப்பட்டவர்கள் அடுத்து எளிதான பணியையே அதிகம் தேர்ந்தார்கள். கடினமானதில் தோற்றபின் அவர்களின் செயல்திறனும் இறங்கியது. அதனால் ‘அப்படியே ஐயா (தாத்தா) மூளை’ என்று ஆயா (பாட்டி) கொஞ்சும்போது, பிள்ளையிடம் ‘இதை எப்படிப் போட்டே, சொல்லு’ என்று பக்கத்திலிருந்து கேட்டுவிடுங்கள். ஆயாவைத் திருத்தப் போக வேண்டாம்.

மனவுறுதி

மனவுறுதி செலவானால் தீர்ந்துபோகும் சரக்கு என்ற கருத்து 1998-ல் ராய் பாமைஸ்டர் குழுவின் ஆய்வால் பரவியது. பிஸ்கட் வாசனைக்கு நடுவே முள்ளங்கியை மட்டும் தின்ன வைக்கப்பட்டவர்கள், பிறகு தந்த புதிரைச் சீக்கிரமே கைவிட்டார்கள். 2016-ல் 23 ஆய்வகங்கள், இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம், வேறொரு பணியை வைத்து அந்தக் கருத்தைச் சோதித்தபோது விளைவு ஏறக்குறைய பூஜ்யம். இடையே 2010-ல் வெரோனிகா ஜாப், டுவெக், கிரகரி வால்டன் மூவரும், மனவுறுதி தீர்ந்துபோகும் என்று நம்புகிறவர்களிடம்தான் அந்தச் சோர்வு தெரிகிறது என்று காட்டினார்கள். 2017-ல் கிருஷ்ணா சவானியும் ஜாப்பும் இந்தியர்களை ஆராய்ந்தபோது நேர்மாறாக வந்தது: மூளையைக் கசக்கும் வேலை தெம்பு தரும் என்ற நம்பிக்கை இங்கே அதிகம், கடினமான பணிக்குப் பிறகு அடுத்ததைச் சிறப்பாகவும் செய்தார்கள். விரதமும் நோன்பும் பழகிய ஊருக்கு இது அவ்வளவு ஆச்சரியமில்லை.

ஆனால் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடக்கிற நகரத்தார் காவடிக் கூட்டத்தைக் கவனித்தால் இன்னொன்று தெரியும். எப்போது கிளம்புவது, எங்கே தங்குவது, யாரோடு நடப்பது எல்லாம் முன்பே முடிவானவை. நடப்பவர் வழியில் மனத்தோடு வாதாட வேண்டியதில்லை. நடந்துவந்த அதே ஆள், வீட்டில் தினம் அரை மணி நடக்க ‘மனவுறுதி இல்லை’ என்றால், இல்லாதது ஏற்பாடுதான். பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ திட்டம் அதற்கு உதவும். ‘சாயங்காலம் படிப்பேன்’ போதாது. ‘டீ குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் முகப்பில் உட்கார்ந்து நோட்டைத் திறப்பேன்’ என்று எழுதுங்கள். தூண்டும் செயல் தினமும் தவறாமல் நடப்பதாக இருக்க வேண்டும்; ‘நேரம் கிடைத்ததும்’ என்று எழுதினால் கிடைக்காது. ஒரு நேரத்தில் ஒரே திட்டம். தூக்கம் கெட்டால், சர்க்கரை தாறுமாறானால், மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் அது நம்பிக்கை விஷயம் இல்லை, மருத்துவரிடம் போங்கள்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

அறிவு வேறுபாட்டில் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே சமயம் பள்ளிப்படிப்பு ஓர் ஆண்டு கூடினால் ஐ.கியூ. ஏறத்தாழ 1 முதல் 5 புள்ளி உயர்கிறது என்று 2018-ல் ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. இரண்டும் ஒன்றாகவே உண்மை. நம்பிக்கையை மட்டும் மாற்றுவதன் பலன் சிறியது: 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையவழிப் பயிற்சி கொடுத்தபோது, பின்தங்கியவர்களின் மதிப்பெண் சராசரி, ஏறத்தாழ 4 புள்ளி அளவுகோலில், 0.1 புள்ளியே கூடியது. செலவைப் பார்த்தால் இது மோசமில்லை. ஆனால் மனப்பான்மை முகாம் நடத்தி மாநில ரேங்க் வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள்.

நான்காம் வாரம்: மற்றவர்கள் பக்கம்

முதல் வாரத்தில் பிறரைப் பற்றி எழுதிய வாக்கியங்களை எடுங்கள். ‘அவன் சோம்பேறி’ என்பதற்கு எதிரே, அவன் எத்தனை மணிக்கு வேலை முடித்து வருகிறான், படிக்க இடம் இருக்கிறதா, யார் சொல்லித் தருகிறார்கள் என்று எழுதுங்கள். விடை தெரியாவிட்டால் அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள். பிறப்பிலேயே முடிவானது என்ற நம்பிக்கை மனிதர்களை அவசரமாக முத்திரை குத்தும். அதைவிட நாசூக்கான தவறு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது: ‘முயன்றால் முடியும்’ தலைகீழாகி ‘முடியவில்லையா, நீ முயலவில்லை’ ஆகிவிடும். ஆத்தங்குடியில் நாளெல்லாம் தரையில் பதிக்கும் கல் வார்த்துவிட்டு வரும் ஒருவரிடம் இதைச் சொல்வதில் நியாயம் இல்லை.

கடைசி நாளில் அதே துறைக்கு மறுபடி 1 முதல் 6 வரை மதிப்பெண் போடுங்கள். தப்பு குறைந்தும் மதிப்பெண் இறங்கவில்லை என்றால் அதைத் திருத்தி எழுதாதீர்கள். நம்பிக்கை மெதுவாகத்தான் பின்னால் வரும். அடுத்த மாதம் அதே துறையில் இன்னொரு பகுதியை எடுங்கள், துறையை மாற்ற வேண்டாம்.