புதிய மடிக்கணினி வாங்கச் சொல்லும் குரல்களை எடைபோடுவது எப்படி?

கடைகளில் இப்போது அடுக்கி வைத்திருக்கும் மடிக்கணினிகளில் பலவற்றின் மீது 'செயற்கை நுண்ணறிவுக் கணினி' என்ற ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கிறது. சில்லுத் தயாரிப்பாளர்கள், இயங்குதள நிறுவனங்கள், அவற்றின் தலைவர்களான பெருங்கோடீஸ்வரர்கள் ஆகிய அனைவரும், வீட்டிலுள்ள பழைய கணினி இனி உதவாது என்று நம்மை நம்பவைக்கப் பார்க்கிறார்கள். ஆயிரம் வெள்ளிக்கு மேல் செலவழிப்பதற்கு முன், அந்தப் பேச்சில் எது இன்று கையில் கிடைக்கும் பொருள், எது நாளைக்கான வாக்குறுதி என்று பிரித்துப் பார்ப்பது நம் கடமை. சிங்கப்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் சதுக்கத்துக்குப் புறப்படும் உறவினர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், இப்போதுள்ள கணினியால் செய்ய முடியாத வேலை எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். 'மெதுவாக இருக்கிறது' என்று பொதுவாக எழுதாமல், 'ஸூமில் பேசிக்கொண்டே எக்செல் கோப்பைத் திறந்தால் படம் உறைந்துவிடுகிறது' என்பதுபோல் குறிப்பாக எழுத வேண்டும். அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால், விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் என்ற கண்காணிப்புத் திரை திறக்கும். அதில் சிபியு (கணக்கிடும் செயலி), மெமரி (ரேம் என்ற தற்காலிக நினைவகம்), டிஸ்க் (கோப்புகளைச் சேமிக்கும் இடம்) ஆகியவற்றுள் எது நூறு விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது என்று பாருங்கள்.

என் மாமாவின் கணினியை அப்படிப் பார்த்தபோது, சிபியு ஏறக்குறைய சும்மா இருந்தது. டிஸ்க் மட்டும் நூறிலிருந்து இறங்கவே இல்லை. உள்ளே இருந்தது சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். "இதற்குப் போய்ப் புதுசு வாங்கச் சொன்னார்களே தம்பி" என்று அவர் வருத்தப்பட்டார். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியைப் பொருத்தியதும், காப்பி கலக்கி முடியும்வரை காத்திருக்க வைத்த இயந்திரம் சில நொடிகளில் திறந்தது. மெமரிதான் நிரம்பி வழிகிறது என்றால், ரேமைக் கூட்ட இடமிருக்கிறதா என்று மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். சிபியுவே முழுநேரமும் திணறினால்தான் புதிய கணினியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அடுத்தது இயங்குதளம். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதியும் ஓரளவு புதிய செயலியும் தேவை என்பதால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல கணினிகள் ஒரே நாளில் 'பழையவை' ஆகிவிட்டன. பாதுகாப்பு மேம்பாடு இல்லாத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்து என்ற எச்சரிக்கை உண்மையானது. அதை அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் அதற்கு ஒரே மாற்று புதிய கணினி என்பது உண்மையன்று. பாதுகாப்பு மேம்பாடுகளை மட்டும் மேலும் ஓராண்டு தரும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட்டே அறிவித்தது. அதற்குப் பிறகும் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொண்டால், இணையம், மின்னஞ்சல், ஆவணங்கள், காணொளி ஆகியவற்றுக்கு அதே கணினி தாராளமாகப் போதும்.

இனி அந்த ஸ்டிக்கருக்கு வருவோம். கோபைலட் பிளஸ் என்ற பெயரில் விற்கப்படும் கணினிக்கு, நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்கீடுகளைச் செய்யக்கூடிய, செயற்கை நுண்ணறிவு வேலைகளுக்கான என்பியு என்ற தனிச் செயலியும் குறைந்தது 16 ஜிபி ரேமும் இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் வகுத்த விதி. எண் பெரியதுதான். ஆனால் சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றை உலாவியில் திறந்து கேள்வி கேட்பவருக்கு அந்த என்பியு ஓர் உதவியும் செய்வதில்லை, ஏனென்றால் விடை தயாராவது தொலைவிலுள்ள தரவு நிலையத்தில். நம் மேசையிலுள்ள கணினி அதைக் காட்ட மட்டுமே செய்கிறது. எனவே விற்பனையாளரிடம், "இந்தச் செயலியைப் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றை இப்போதே ஓட்டிக் காட்டுங்கள், இணையத்தைத் துண்டித்துவிட்டுக் காட்டுங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். முன்னோட்டமாக விற்கப்பட்ட வசதி சொன்ன நாளில் வரும் என்பதற்கும் உறுதி கிடையாது. திரையில் நடப்பதையெல்லாம் படம்பிடித்து நினைவில் வைக்கும் ரீகால் என்ற வசதியை மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் ஆரவாரமாக அறிவித்தது. பாதுகாப்பு வல்லுநர்களின் கடுமையான எதிர்ப்புக்குப் பின் அது தள்ளிவைக்கப்பட்டு, 2025 ஏப்ரலில்தான் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது.

பெருங்கோடீஸ்வரர்களின் பேச்சைக் கேட்கும்போது நான் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வேன். இதை நாம் நம்பினால் இவருக்கு என்ன வரவு? இதற்கு முன் இவர் சொன்னவை என்ன ஆயின? இனித் தயாரிக்கும் தன் கார்கள் அனைத்திலும் முழுமையாகத் தானே ஓட்டுவதற்கான வன்பொருள் இருக்கும் என்று டெஸ்லா 2016 அக்டோபரில் அறிவித்தது. அதற்குப் பின் 2019இல் பொருத்தத் தொடங்கிய கணினியும்கூடப் போதாது, அந்த வசதிக்குப் பணம் கட்டியவர்களுக்கு அதை மாற்றித்தர வேண்டியிருக்கும் என்று அதன் தலைவர் இலோன் மஸ்க்கே 2025 ஜனவரியில் ஒப்புக்கொண்டார். எதிர்காலத்தில் ஏதோ செய்யும் என்பதற்காக வன்பொருளுக்கு இன்று பணம் கட்டலாமா என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரிந்து இல்லை.

சில்லு நிறுவனமான என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் 2024 பிப்ரவரியில் துபாயில் பேசும்போது, பிள்ளைகள் நிரல் எழுதக் கற்கத் தேவையில்லாத நிலை வருகிறது என்ற பொருளில் கூறினார். அதைக் கேட்டுவிட்டுப் பிள்ளையை நிரலாக்க வகுப்பிலிருந்து நிறுத்தலாமா என்று இங்குள்ள பெற்றோர் சிலர் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்க வேண்டியது பிள்ளையின் ஆர்வமும் ஆசிரியரின் கருத்துமே. செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளை விற்பவர் அதன் ஆற்றலைப் பற்றிச் சொல்வதை, விற்பவர் சொல்வதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். 2025 செப்டம்பரில் என்விடியா, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனத்தில் 10,000 கோடி அமெரிக்க டாலர் வரை முதலீடு செய்யும் எண்ணத்தை அறிவித்தது. அந்த ஓபன்ஏஐயோ என்விடியாவின் சில்லுகளை வாங்கிக் குவிக்கும் நிறுவனம். இப்படிப் பணம் வட்டமிடும் இடத்திலிருந்து வரும் 'தேவை பெருகுகிறது' என்ற செய்தியை நிதானமாகத்தான் படிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட பேச்சை எடைபோட எளிய வழி ஒன்று உண்டு. அமெரிக்கப் பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்களின் செய்தி அறிக்கையைக் கடைசிவரை படியுங்கள். எதிர்காலம் பற்றிய கூற்றுகள் நிறைவேறாமலும் போகலாம் என்று சிறிய எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். முதலீட்டாளருக்குச் சட்டத்தின் காரணமாகச் சொல்லப்படும் அந்த எச்சரிக்கை, விளம்பரத்தில் நமக்குச் சொல்லப்படுவதில்லை.

அவர்களை நம்பாமல் இருந்தாலும் அவர்களுடைய முடிவுகள் நம் பணப்பையைத் தொடுகின்றன என்பதையும் மறக்கக் கூடாது. உலகின் ரேம் சில்லுகளில் பெரும்பகுதியைச் சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களே தயாரிக்கின்றன. தரவு நிலையங்கள் அதிக விலை கொடுத்து வாங்குவதால் உற்பத்தி அந்தப் பக்கம் திரும்பி, 2025 இறுதியில் சாதாரண ரேமின் விலை கடுமையாக ஏறியது. உட்லண்ட்ஸில் பெரிய ஆலைகளை நடத்தும் மைக்ரான், பொதுமக்களுக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த தன் குருஷல் வணிகத்தை நிறுத்துவதாக அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்தது. ஆகவே பழைய கணினியிலிருந்து கழற்றிய நல்ல ரேமைத் தூக்கி எறியாதீர்கள்.

உண்மையிலேயே வாங்கத்தான் வேண்டும் என்றால், ரேம் பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டதா, மாற்றக்கூடியதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பற்றவைத்தது என்றால் தேவையான அளவை இன்றே வாங்கியாக வேண்டும். மின்கலம் இருபது மணி நேரம் தாங்கும் என்ற கூற்று பெரும்பாலும் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக் காணொளி ஓட்டி அளந்தது. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள சட்டத்தின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடைக்காரருடையது. கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் இது பொருந்தும், ஆனால் கரோசல் என்ற இணையச் சந்தையில் தனிநபரிடம் வாங்கியதற்குப் பொருந்தாது. கடைக்காரர் மறுத்தால் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். 20,000 வெள்ளி வரையிலான வழக்கைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே தொடுக்கலாம்.

புதியதை வீட்டுக்குக் கொண்டுவந்து தருபவர்களிடம் பழையதை இலவசமாக எடுத்துச்செல்லும்படி கேட்க, 2021 ஜூலையிலிருந்து நமக்கு உரிமை உண்டு. கொடுக்கும் முன் கோப்புகளை வேறிடத்தில் சேமித்துவிட்டு, விண்டோஸின் மீட்டமைப்பு (ரீசெட்) பகுதியில் டிஸ்க்கை முழுமையாகத் துடைக்கும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள். கணினி திறக்கவே மறுத்தால், டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடுங்கள்.