அழுகை நின்றது, பிள்ளை ஆறியதா?

பசியிலும் தூக்கத்திலும் காய்ச்சலிலும் அழும் பிள்ளையைத் திட்டக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். அதை இங்கே எழுதவில்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒரு கல்யாண வீட்டு வளவில் அரை நாள் உட்கார்ந்தால் போதும். இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை ஏழெட்டுப் பிள்ளைகள் முறைவைத்து அழும். புதிதாகப் பெற்றோரானவர்கள், ஒரு தலைமுறைக்கு முன் நாமெல்லாம் செய்த அதே பிழைகளை அப்படியே செய்வார்கள்.

மிரட்டி வாயடைப்பது

முகப்பில் ஒரு மூன்று வயதுப் பிள்ளை பலூன் கேட்டு அழுகிறது. “அந்தா, பூச்சாண்டி வர்றான்.” “உள்வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிருவேன்.” “உன்னைய இங்கயே விட்டுட்டுப் போயிருவோம்.” மூன்றாவது மிரட்டலில் அழுகை நின்றுவிடும். “பாத்தீகளா, ஒரு அதட்டுல அடங்கிட்டான்” என்று பெருமை வேறு.

எத்தனை வருடம் கேட்டாலும் இந்தப் பேச்சு எரிச்சலூட்டுகிறது. அடங்கிய பிள்ளையின் நெஞ்சில் கை வைத்துப் பாருங்கள், துடிப்பு குறைந்திருக்காது. தோள் இறுகி, விரல் மடங்கி, மூச்சு மேலாக ஓடும். பலூன் கிடைக்காத ஏமாற்றம் அப்படியே இருக்க, அதன் மேல் பயமும் ஏறியிருக்கிறது. ஆபத்து என்று தோன்றினால் உடம்பு ஓடும், எதிர்க்கும், இல்லையென்றால் உறைந்துபோகும். நாம் அடக்கம் என்று நினைப்பது பல நேரம் அந்த உறைதல்தான்.

அதன் விளைவு பிறகு தெரியும். அன்றிரவே தூக்கத்தில் திடுக்கிட்டு எழலாம், தம்பியைக் கிள்ளலாம், உள்வீட்டுப் பக்கம் போகவே மறுக்கலாம். காலையில் சொன்ன மிரட்டல் அப்போது யாருக்கும் நினைவிருக்காது. இதைவிடப் பெரிய நஷ்டம் சில வருடம் கழித்து வரும். அழுதால் மிரட்டுவார்கள் என்று கற்றுக்கொண்ட பிள்ளை, பள்ளிக்கூடத்தில் யாராவது துன்புறுத்தினால் வீட்டில் வந்து ஏன் சொல்லப்போகிறது?

உணர்ச்சியை அடக்கி ஆள உதவும் மூளையின் முன்பகுதி, இருபது வயது தாண்டியும் முதிர்ந்துகொண்டேயிருக்கும். மூன்று வயதுப் பிள்ளையால் தன்னைத் தானே தேற்றிக்கொள்ள முடியாது. பக்கத்தில் இருக்கும் பெரியவரின் நிதானமான குரலையும் மூச்சையும் பற்றிக்கொண்டுதான் ஆற முடியும்.

அதனால் முதலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தை விட்டு விலகுங்கள். இரண்டாம் கட்டு, திண்ணை மூலை, எதுவும் சரி. கண்ணுக்கு நேராகக் கண் வரும்படி குத்துக்காலிட்டு உட்காருங்கள். நடந்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: “பலூன் கேட்டே, கிடைக்கல, ஏமாந்து போச்சு.” அதற்கு மேல் பேச வேண்டாம், கூடவே இருங்கள். தொட விட்டால் முதுகில் கை வையுங்கள். தட்டிவிட்டால் ஒரு முழம் தள்ளி உட்காருங்கள். அடித்தால் மட்டும் கையைப் பிடித்து, “அடிக்க விடமாட்டேன்” என்று குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். பெரும்பாலும் சில நிமிடத்தில் தணிந்துவிடும். நீளமாக ஒரு விசும்பல் வரும், உடம்பு தளரும், தலை உங்கள் மேல் சாயும். ஆறியதற்கு அதுதான் அடையாளம். பிறகு ஒரு வாய் தண்ணீர், அதற்கும் பிறகுதான் பேச்சு. பலூன் இல்லை என்றால் இல்லைதான். ஏமாற்றம் புரிகிறது என்று சொன்னதற்காகப் பலூன் வாங்கித்தர வேண்டியதில்லை.

அழும் கையில் செல்போனைத் திணிப்பதும் இதே வாயடைப்புத்தான், மிரட்டல் இல்லை, அவ்வளவே. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், அதன்பின் நாலு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது.

அலறும்போது மூச்சுப் பயிற்சி

அந்த நேரத்தில் சொல்வது காதில் ஏறாது. வயிறு நிறைந்து விளையாடும் நேரத்தில் பழக்குங்கள். குழித்த உள்ளங்கையில் சுடச்சுட வெள்ளைப் பணியாரம் இருப்பதாகப் பாவனை. மூக்கால் மெல்ல மோந்து, உதட்டைக் குவித்து ஊத வேண்டும். மோப்பதைவிட ஊதுவது நீளமாக இருக்கட்டும். நெஞ்சுத் துடிப்பைத் தணிப்பது வெளிவிடும் மூச்சு. காலையில் நாலு தரம், மாலையில் நாலு தரம். இரண்டு மூன்று வாரம் விளையாட்டாகச் செய்த பிறகு, முகம் சிவக்கத் தொடங்கும்போதே “பணியாரம் ஊதுவமா?” என்று கேளுங்கள். பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் பாவிய வீடானால், சில்லென்ற தரையில் உட்காரவைத்து ஒரு பூவின் ஓரத்தை விரலால் மெதுவாகச் சுற்றிவரச் சொல்லலாம்.

எல்லாவற்றுக்கும் ‘கோபம்’

ஏக்கம், பொறாமை, வெட்கம், சலிப்பு, ஏமாற்றம் எல்லாவற்றையும் கோபம் என்றே சொல்லிக்கொடுக்கிறோம். ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டில் பிரசவமாகி அம்மா கைக்குழந்தையோடு திரும்புகிறாள். மூத்தது தொட்டிலை உதைக்கிறது. “தம்பி மேல ஏன் கோபம்?” என்றால் பதில் வராது. “அம்மா மடி கிடைக்கலன்னு ஏக்கமா இருக்கா?” என்று கேட்டுப் பாருங்கள். கேள்வியாகவே கேளுங்கள், நம் ஊகம் தவறாகவும் இருக்கலாம். சரியென்றால் தினமும் பத்து நிமிடம், கைக்குழந்தையை அப்பத்தாவிடம் கொடுத்துவிட்டு, அம்மா மூத்ததோடு மட்டும் இருக்கட்டும்.

சொல்லாமல் நழுவுவது

சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ கிளம்பும் அப்பா, அழுமே என்று பிள்ளை தூங்கும்போது போய்விடுகிறார். அதன்பின் அம்மா குளிக்கப் போனாலும் பிள்ளை கதவைத் தட்டும். “அப்பச்சி (அப்பா) நாளைக்கு வந்துருவாக” என்ற பொய்யும் வேண்டாம். விழித்திருக்கும்போது சொல்லி, அழவிட்டு, முத்தம் கொடுத்துப் போகட்டும். ஒரு மாதத்துக்குள் திரும்புவார் என்றால் கிண்ணத்தில் நாளுக்கு ஒன்றாகப் புளியங்கொட்டை போட்டுத் தினம் ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். நெடுநாளானால் “பிள்ளையார் நோன்புக்கு வருவாக” என்று பிள்ளைக்குத் தெரிந்த நாளைச் சொல்லுங்கள், உண்மையிலேயே வருவதாக இருந்தால் மட்டும்.

சுற்றி நின்று சிரிப்பது

வேண்டாம். வீடியோவும் வேண்டாம்.

“சாரி சொல்லு”

ஆறிய பிறகு, ஒரே தரம்.

அம்மா மறுத்ததை ஐயா (தாத்தா) கொடுப்பது

பத்து நிமிட அழுகைக்குக் கிடைத்தது என்றால் அடுத்த முறை பதினைந்து நிமிடம் அழுது பார்க்கும். கொடுப்பதாக இருந்தால் முதலில் கேட்டபோதே கொடுத்துவிடுங்கள். விசேஷ வீட்டுக்குப் போகுமுன்பே எதைக் கொடுப்பது, எதை மறுப்பது என்று பெரியவர்களிடம் பேசிக்கொள்ளுங்கள்.

நீலம் பாரித்ததும் பணிந்துபோவது

சில பிள்ளைகள் அழுதழுது மூச்சு நின்று, உதடு நீலம் பாரித்து, நினைவு தப்பிவிடும். ஆறு மாதம் முதல் ஆறு வயதுக்குள் வருவது. வேண்டுமென்று செய்வதில்லை, பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு தானே திரும்பும். உலுக்காதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பக்கவாட்டில் கிடத்தி, தலை மோதாமல் பாருங்கள். ஒரு நிமிடம் தாண்டினால் 108. முதல் முறை வந்ததுமே குழந்தை மருத்துவரிடம் காட்டி, இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். குறையைச் சரிசெய்தால் பல பிள்ளைகளுக்கு இது வருவது குறையும். பயந்துபோய்க் கேட்டதையெல்லாம் கொடுக்கத் தொடங்கினால் மூச்சடைப்பு தீராது, பிடிவாதமும் சேர்ந்துகொள்ளும்.