வக்கீல் நோட்டீஸ் வந்ததும் பதிவை அழிக்காதீர்கள்

தொண்டிப் பக்கம் இறால் பண்ணைக் கழிவுநீர் ஓடையில் விழுவதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறீர்கள், பத்து நாளில் ஒரு கோடி நஷ்டஈடு கேட்டு தபாலில் வக்கீல் நோட்டீஸ் வருகிறது. வலை பின்னுகிறவரிடம் ஒரு கோடி ஏது? அனுப்பியவருக்கும் அது தெரியும். அவருக்கு நீங்கள் வாயை மூடினால் போதும்.

நோட்டீஸ் வேறு, வழக்கு வேறு. பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மன்னிப்பு எழுதிக் கொடுப்பதுதான் பலர் செய்யும் தப்பு. போனில் எடுத்த அசல் படம் அப்படியே இருக்கட்டும், எடுத்த தேதியும் நேரமும் அதில்தான் இருக்கும், ஃபார்வர்டு ஆனதில் இருக்காது. தபால் உறையையும் எறியாதீர்கள்.

இப்படி வாயை மூடவைக்கப் போடும் வழக்குகளைத் தடுக்கத் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆனால் அவதூறுக்கு 2 ஆண்டு வரை சிறை என்று சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவே, பொது நன்மைக்காகச் சொன்ன உண்மையையும், உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு கொடுத்த புகாரையும் விலக்கி வைக்கிறது. அதனால் முதலில் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள், அப்புறம் எழுதுங்கள். 'கழிவுநீர் ஓடையில் விழுகிறது' என்றால் படம் சாட்சி. 'முதலாளி திருடன்' என்றால் அதை நிரூபிப்பது உங்கள் பாடு. 'போலீஸ் வந்து தூக்கிவிடும்' என்று யாராவது மிரட்டினால், வாரண்ட் இல்லாமல் இதற்குக் கைது செய்ய முடியாது என்று சொல்லுங்கள்.

பஞ்சாயத்தை விமர்சித்தீர்களா? அரசோ உள்ளாட்சியோ மானநஷ்ட வழக்குப் போட முடியாது என்று ராஜகோபால் வழக்கில் 1994-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தனியார் கம்பெனி என்றால், வழக்கு முடியும்வரை எழுதக் கூடாது என்ற இடைக்காலத் தடைதான் அவர்கள் ஆயுதம். விசாரணைக்கு முன்பே சுலபமாகத் தடை கொடுக்கக் கூடாது என்று 2024-ல் ப்ளூம்பெர்க், ஜீ வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது, அதை உங்கள் வக்கீலிடம் ஞாபகப்படுத்துங்கள். தடை வந்தேவிட்டால் மீறாதீர்கள், நீக்கச் சொல்லி மனு போடுங்கள்.

சம்மன் வந்தால் மட்டும் அலட்சியம் கூடாது. நஷ்டஈடு வழக்கென்றால் 30 நாளில் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும், போகாமல் இருந்தால் ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடும். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்குப் போன் போடுங்கள். பாசி எடுக்கும் அக்காமார் வருமானச் சான்றுக்கு அலைய வேண்டாம், பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது.