சின்ன ஊரில் வாடகை வீடு: எங்கே ஏமாறுகிறோம்?

தஞ்சாவூர், திண்டுக்கல் மாதிரி ஊர்களில் வீடு பார்க்கப் போனால், வாடகை எவ்வளவு என்று கேட்டுவிட்டு அதோடு நின்றுவிடுகிறோம். மற்றதெல்லாம் சாமான் இறக்கின பிறகுதான் தெரியவருகிறது.

முதலில் கரண்ட். வீடு பார்க்கும்போதே மீட்டர் பெட்டி முன்னால் போய் நில்லுங்கள். மூன்று போர்ஷன், ஆனால் ஒரே ஒரு இணைப்பு என்றால் ஜாக்கிரதை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் ஏறும். எல்லோரும் ஒரே இணைப்பில் ஓட்டினால் அந்த 100 யூனிட்டும் பங்காகிவிடும், விலையும் மேல்படிக்குப் போய்விடும். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் தனியாக வசூலிப்பதும் உண்டு. ஐநூறு ரூபாய் கூடுதலானாலும் தனி இணைப்புள்ள வீடு பல சமயம் மலிவாகவே முடியும்.

அடுத்து அட்வான்ஸ். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைதான் வரம்பு. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அந்த வரம்பு நிற்காது. "பத்து மாத அட்வான்ஸ்" என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டம். ஒப்பந்தத்தை, இதற்கென்று அரசு நியமித்த வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். பதினொரு மாதத்துக்கு எழுதினால் பதிவு தேவையில்லை என்ற பேச்சை நம்ப வேண்டாம். தகராறு என்று வந்தால் பதிவான தாள்தான் பேசும்.

எனக்கு ரொம்பக் கவலை தருவது ஒத்தி. நான்கைந்து லட்சம் மொத்தமாகக் கொடுத்தால் மாத வாடகையே இல்லை, காலி செய்யும்போது பணமும் திரும்பி வரும் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கும். அந்தப் பணம் பெரும்பாலும் நகையை அடகு வைத்துப் புரட்டியது. இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் ஒத்தி ஆகிவிடாது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தியைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். அதற்கு முன்னால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள், அதாவது வீட்டின் மேல் அடமானம் ஏதும் பதிவாகி இருக்கிறதா என்று. ஏற்கெனவே வங்கிக் கடனில் இருக்கும் வீடு என்றால், கடன் நின்றதும் வங்கி வந்து கதவைப் பூட்டும்போது உங்கள் லட்சங்களை யாரிடம் கேட்பீர்கள்? சொந்தக்காரர் வீடு என்றாலும் இதில் தயவு பார்க்காதீர்கள்.

அப்புறம் உதவி. மாதாமாதம் வாடகைப் பணம் தரும் பொதுவான அரசுத் திட்டம் இங்கே இல்லை. வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்டால் நகர்ந்துவிடுங்கள். சொந்த வீடில்லாத ஏழைகளுக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகள் உண்டு. அதற்குப் பங்குத்தொகை கேட்டால் வாரியத்தின் பெயரில் மட்டும் கட்டுங்கள், ஆள் கையில் கொடுக்காதீர்கள். ஒதுக்கீடு பெற்றவரிடம் அந்த வீட்டை வாடகைக்கு எடுப்பதும் ஆபத்து. ஒதுக்கீடு ரத்தானால் நீங்களும் வெளியே. வாரிய வீடு கேட்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். வேலைக்குப் போகும் பெண்கள் தனியாக வீடு தேடுமுன் அரசின் தோழி விடுதியை விசாரிக்கலாம். தஞ்சாவூர், வேலூர், பெரம்பலூர், விழுப்புரம் என்று பல ஊர்களில் இருக்கிறது. சம்பளத்தில் வீட்டு வாடகைப்படி வாங்குகிறவர்கள், பழைய வருமான வரிமுறையில் இருந்தால், வரிச் சலுகைக்காக மாதாமாதம் வாடகை ரசீது வாங்கி வையுங்கள். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண்ணும் வேண்டும். அதைக் குடிபுகும் முன்பே கேட்டுவிடுங்கள்.